வலிக்காத கட்டிக்கு அறுப்பு முடியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: நாங்கள் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முதுகில் 10 வருடமாக ஒரு கட்டி இருக்கிறது. இப்போது வலது உள்ளங்காலில் இன்னொன்று. ஆறேழு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து வருகிறது. இரண்டிலும் வலி இல்லை. "சம்பா அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்" என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: முதுகில் இருப்பதற்குக் காத்திருக்கலாம். காலில் இருப்பதற்குக் கூடாது. அறுப்பு இருந்தாலும் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

"வலிக்கலையே டாக்டர்" என்று சொல்லித்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். வலியை வைத்து முடிவு செய்வது தவறு. சீழ்க்கட்டி சிவக்கும், தெறிக்கும், ராத்திரி தூங்கவிடாது. ஆனால் பெரும்பாலும் சில நாளில் ஆறிவிடும். புற்றுக்கட்டியோ காசநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனால் கேட்க வேண்டியவை வேறு: வளர்கிறதா, கல் மாதிரி கடினமாக இருக்கிறதா, அசைகிறதா, மேல்தோல் புண்ணாகிறதா?

முதலில் முதுகுக் கட்டி. அப்பாவை உட்காரவைத்து, விரல் நுனியால் கட்டியின் ஓரத்தை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மெத்தென்று இருந்து, விரலுக்குச் சிக்காமல் தோலுக்கடியில் நழுவினால் அது கொழுப்புக் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நடுவில் சின்னக் கரும்புள்ளி தெரிந்து, எப்போதாவது நாற்றமடிக்கும் மாவு போன்ற கசிவு வந்தால் அது தோல் பை கட்டி. பிதுக்கக் கூடாது, பிதுக்கினால் சீழ் பிடிக்கும். இரண்டுமே அவசரமானவை அல்ல. ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள், அடுத்த மாதம் அதே மாதிரி இன்னொன்று. 5 செ.மீ.க்கு மேல், அதாவது நல்ல எலுமிச்சம்பழ அளவைத் தாண்டியிருந்தாலும், திடீரென்று வளர ஆரம்பித்தாலும், ஆழத்தில் தசையோடு ஒட்டி அசையாமல் நின்றாலும், ஒருமுறை எடுத்த இடத்தில் மறுபடி வந்தாலும் காத்திருப்பு முடிந்தது. அப்படிப்பட்ட கட்டியை ஸ்கேன் பார்க்காமல் யாரும் அறுக்க விடாதீர்கள். தெரியாமல் அறுத்துவிட்டால் பிறகு சரியான அறுவை சிகிச்சை செய்வது மிகவும் சிரமமாகிவிடும்.

இப்போது கால். வெறுங்காலோடு சேற்றிலும் வரப்பிலும் நடப்பவரின் பாதத்தில் வலியில்லாமல் மெல்ல வளரும் கட்டி என்றால் என் மனம் முதலில் போவது மைசிட்டோமாவுக்கு. மதுரையில் 1842-இல் கில் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்ததால் 'மதுரா கால்' என்றே பெயர் வந்துவிட்டது. மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ கருவேல முள் குத்திய இடம் வழியாக உள்ளே போகிறது. குத்தியதே பலருக்கு நினைவிருக்காது. முதலில் ஒரு கெட்டியான வீக்கம், அப்புறம் பல வாய்கள் திறந்து கசிவு. அந்தக் கசிவில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ பொடி மணிகள் இருக்கும். காரணம் பாக்டீரியா என்றால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும். பூஞ்சை என்றால் மருந்து நீண்ட நாள் தேவை, அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கலாம். கட்டி சின்னதாக இருக்கும்போது வந்தால் அதை மட்டும் எடுத்து முடித்துவிடலாம்; எலும்புக்குள் இறங்கிய பிறகு வந்தால் பாதத்தையே காப்பாற்றுவது கடினம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது உள்ளே தங்கிய முள்ளைச் சுற்றி வந்த சாதாரண வீக்கமாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. கட்டி கறுப்பாக இருந்து, ஓரம் கோணலாகப் பரவினால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். நம்மவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும்.

சர்க்கரை இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பிடரியிலோ முதுகிலோ சிவந்து, பல கண்களோடு சீழ் வைக்கும் ராஜபிளவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சுண்ணாம்பும் எருக்கம்பாலும் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. காலில் இருப்பதிலும் அவற்றை வைக்காதீர்கள். சர்க்கரைக்காரர் பாதத்தில் வெந்த புண் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வீட்டில் மற்றவர்களுக்காகவும்: கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், கூடவே சாயங்காலக் காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால், காசநோய்ப் பரிசோதனை அவசியம். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். மூட்டை தூக்கும்போது தொடை இடுக்கில் புடைத்து, படுத்தால் மறைவது குடலிறக்கம். அது உள்ளே போகாமல் வலித்து வாந்தியும் வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். பெண்களுக்கு மார்பில் எந்தக் கட்டி வந்தாலும் உடனே காட்ட வேண்டும். அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயத்துக்கு வருகிறேன். முறையாக ஊசியில் செல் எடுப்பதாலோ சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதாலோ புற்று பரவுவது மிக மிக அரிது. பரவுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் கடத்திய மாதங்கள்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே புற்று பரவியிருந்தவரைப் பார்த்துவிட்டு, ஊரார் கத்தியைக் குறை சொல்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கோ, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கட்டியை எடுத்தால், எடுத்ததைக் குப்பையில் போடாமல் பயாப்சி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அப்பாவை மறுபடி வயலுக்கு அனுப்ப வேண்டும், அதுவும் காலில் பூட்ஸ் போட்டு.