முட்டிவலி அம்மாவோடு புதுச்சேரி: எங்கே நடக்கலாம், எங்கே ஆட்டோ?

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, முட்டிவலி உள்ள அம்மாவுக்குப் புதுச்சேரியைச் சுற்றிக்காட்ட வழி கேட்டிருந்தீர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். மணக்குள விநாயகர் கோயிலில் மதியம் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கவே வேண்டாம், ஆட்டோவில் நேராகக் கோயிலுக்குப் போங்கள். ஏறும் முன்பே காசு பேசிவிடுங்கள். ஞாயிறன்று காந்தி வீதி முழுக்க நடைபாதைச் சந்தை. சுடிதார், செருப்பு, பழைய புத்தகம் என்று கால் வைக்க இடமிருக்காது. அம்மாவோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். கோயில் யானை எங்கே என்று கேட்டால், பாவம், லட்சுமி 2022-இலேயே இறந்துவிட்டது.

சாமி கும்பிட்டதும் பக்கத்திலேயே பாரதி பூங்கா. ஆயி மண்டபத்தைப் பார்த்தபடி நிழலில் உட்காருங்கள், அவசரமே இல்லை. அப்புறம் கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். மாலை 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலைப் பக்கம் நடுரோட்டிலேயே நிதானமாக நடக்கலாம். அதனாலேயே திரும்பும்போது ஆட்டோவுக்கு ஒரு தெரு உள்ளே வரவேண்டும், அதற்கும் அம்மா காலில் கொஞ்சம் தெம்பு மிச்சமிருக்கட்டும்.