வாளிகளில் நீரை ஏற்றி வடியவிடும் மண்ணில்லாப் பயிர்ச்செய்கையை வீட்டில் அமைப்பது எப்படி?

பழைய வாளிகளைக் கொண்டு, நீரை ஏற்றி வடியவிடும் முறையில் மிளகாயும் தக்காளியும் வளர்க்க முடியுமா, அதில் எந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்து மண்ணில் வாடல் நோய் தங்கிவிட்டதால், தக்காளிக் கன்றுகள் பூக்கும் பருவத்திலேயே ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அதன் பிறகே நான்கு வாளிகளோடு இதைத் தொடங்கினேன். கூடுதல் கவனம் வேண்டியது நீர் ஏறும் இடத்தில் அல்ல, அது வடியும் இடத்தில்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்க வைப்பது எளிது. ஒவ்வொரு வாளியையும் சிறு குளமாக எண்ணிக்கொள்ளுங்கள். அடியில் நீரைத் திறந்துவிடும் மதகான ஒரு துருசு, மேலே மிகை நீர் வழிந்தோடும் ஒரு வான். குளத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே நீர் துருசு வழியாகவே உள்ளே ஏறி, நீர்ப்பம்பி நின்றதும் அதே வழியால் கீழேயுள்ள தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது என்பதுதான். அளவுக்கு மிஞ்சிய நீர் வான் பாய்ந்து அதே தாங்கிக்குள் விழும். நீர் இறங்கும்போது, மண்ணுக்குப் பதிலாக வாளியில் நிரப்பிய சல்லிக் கற்களுக்கு இடையே புதிய காற்று இழுக்கப்படுகிறது. வேர் மூச்சு விடுவது அந்தக் காற்றினால்தான். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். எங்கள் சித்திரை வெயிலில் நீர் தேங்கி நிற்கும் வாளியில் வேர் எவ்வளவு விரைவாக அழுகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

உணவுப் பொருள் வந்த 20 லீற்றர் வாளிகளையே எடுங்கள். வெளிச்சம் உட்புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால், வெளிப்புறம் முதலில் கறுப்பும் அதன் மேல், வெப்பத்தைத் தடுக்க, வெள்ளையும் பூச வேண்டும். வாளியின் அடியோடு ஒட்டித் துளையிட்டு, தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பூட்டும் அரை அங்குல இணைப்பை, உள்ளும் புறமும் றப்பர் வாசர் வைத்து இறுக்குங்கள். நான்கு வாளிகளின் துருசுகளையும் ஒரே பிவிசி குழாயில் இணைத்து நீர்ப்பம்பியோடு சேர்த்தால், நீர் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் ஏறும். ஆகவே ஒரு வாளிக்கு மட்டும் வான் வைத்தால் போதும். ஆனால் வாளிகள் நிற்கும் தளம் மட்டமாக இருக்க வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வான் குழாய் ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும். உள்ளே ஏற்றும் குழாயும் வானும் ஒரே அளவாக இருந்தால், நீர்ப்பம்பி தள்ளும் வேகத்துக்கு, தன் பாரத்தால் மட்டும் இறங்கும் நீர் ஈடுகொடுக்காமல் வாளி விளிம்பால் வழியும். வானின் வாய், சல்லியின் மேற்பரப்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இருக்கட்டும். மேலே உள்ள சல்லி உலர்ந்து கிடந்தால் பாசியும் பிடிக்காது, தண்டின் அடியும் அழுகாது.

முதல் ஆண்டு நான் பட்ட இழப்பு துருசில் நேர்ந்தது. காய்த்துக்கொண்டிருந்த மிளகாய்ச் செடி ஒன்று நண்பகலில் வாடியது. நீர் போதவில்லை என்று நினைத்து, ஏற்றும் தடவைகளைக் கூட்டினேன்; செடி மேலும் தொய்ந்தது. மூன்றாம் நாள் சல்லியை விலக்கிப் பார்த்தபோது, நான்கு விரல் ஆழத்தில் நீர் அசையாமல் நின்றது. அழுகிய முட்டையின் மணம் எழுந்தது. நூல் நூலாக வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் தேயிலைச் சாய நிறத்தில் இருந்தன. பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்தது. வேர் துருசுக்குள் நுழைந்து கட்டையாக அடைத்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு துருசின் மேலும், பக்கமெல்லாம் சிறு துளையிட்ட இரண்டு அங்குலக் குழாய்த் துண்டை, நுளம்பு வலை சுற்றி, சல்லிக்கு மேலே தலை தெரியும்படி நிறுத்துகிறேன். வாரம் ஒருமுறை அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கிறேன். வேர் எட்டிப் பார்த்தால் அப்போதே வெட்டிவிடலாம்.

சல்லி கருங்கல் சல்லியாக, அரை அங்குல அளவில் இருக்கட்டும். சுண்ணாம்புக் கல் கலந்திருந்தால் கரைசலின் காரத்தன்மை ஓயாமல் ஏறும். ஒரு பிடி சல்லியில் வினாகிரியை ஊற்றி, நுரைத்தால் அதை விட்டுவிடுங்கள். 15 லீற்றர் சல்லிக்குள் ஏறத்தாழ 6 லீற்றர் நீர் கொள்ளும். எனவே நான்கு வாளிக்கு 24 லீற்றர். நீர்ப்பம்பி வறண்டு ஓடாதிருக்க 60 லீற்றர் தாங்கி வைத்திருக்கிறேன். தாங்கியைப் பாதியளவு மண்ணில் புதைத்தால் கரைசல் குளிர்ச்சியாக இருக்கும். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது வெறுமையான தாங்கி மிதந்து கிளம்பிவிடும் என்பதால் அக்காலத்தில் அதை நிரப்பியே வைத்திருங்கள். அதற்கு இறுக்கமான மூடி கட்டாயம். நுளம்புக் குடம்பிகளைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் ஊரில், திறந்த தாங்கி அயலாருக்கும் ஆபத்து.

சல்லியில் வளரும் மிளகாய்க்குப் பகலில் நான்கு தடவை, ஒவ்வொன்றும் 15 நிமிடம் நீர் ஏற்றுகிறேன், இரவில் ஏற்றுவதில்லை. நீர்ப்பம்பியைக் குறித்த நேரத்தில் இயக்கும், பல் உள்ள சாதாரண ரைமர் மின்வெட்டில் நின்று, பிறகு பிந்தி ஓடி, காலை நீரைப் பிற்பகலில் ஏற்றும். உள்ளே மின்கலம் உள்ளதை வாங்குங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்க முடியாது. அப்படி நேர்ந்தால், தாங்கியிலிருந்து சிறு வாளியால் அள்ளி, சல்லியின் மேல் மெதுவாக ஊற்றினால் போதும். துருசு திறந்திருப்பதால் நீர் தானாகத் தாங்கிக்குத் திரும்பும். நீர்ப்பம்பி நின்றாலும் செடி மூழ்காது என்பதே இந்த அமைப்பை நான் விரும்புவதற்கு முதன்மைக் காரணம்.

பசளைக்கு, இலங்கையில் எளிதில் கிடைக்கும் அல்பேட் கரைசல் தூளே போதும். பொதியில் உள்ள அளவில் பாதியைக் கன்றுப் பருவத்திலும், முழு அளவைப் பூத்த பிறகும் இடுங்கள். வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து ஊற்ற வேண்டாம்; அதைச் செடிக்கு ஏற்றபடி மாற்றும் மண் நுண்ணுயிர்கள் சல்லியில் போதிய அளவு இல்லை. கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் கிணற்று நீர் என்றால், அமிலகாரப் பெறுமானத்தை (pH) அடிக்கடி பார்த்து 5.5 முதல் 6.5 வரையில் வைத்திருங்கள். 7ஐத் தாண்டினால் இரும்பு கிடைக்காமல், இளம் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க மற்ற இடமெல்லாம் மஞ்சளாகும். தேசிக்காய்ச் சாறு ஓரிரு நாளுக்குத்தான் பிடிக்கும். பொசுபோரிக் அமிலத்தைச் சில துளிகளாக, கையுறை அணிந்து சேர்ப்பது நிலைத்து நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுவதும் மாற்றுகிறேன். பழையதை வாழை அடியில் ஊற்றிவிட்டு, தாங்கி வெறுமையாக இருக்கும் அந்த வேளையிலேயே நான்கு துருசுகளிலும் நல்ல நீரை விட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று நின்று பார்க்கிறேன்.