அடிட்டிவ் கேள்விகள்: உலோகம் எதுவென்று முதலில் சொல்லுங்கள்

எண்ணெய்க் கலவையும் தேய்மானச் சோதனையும் என் தொழில். மசகு எண்ணெயில் சிறிதளவு கலக்கும் அடிட்டிவ்கள் (சேர்க்கைப் பொருட்கள்) பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: எண்ணெயே வழுவழுப்பானதுதானே. அதில் தனியாக அடிட்டிவ் எதற்கு, சார்?

ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது எண்ணெய் இடுக்குக்குள் இழுக்கப்பட்டு, இரண்டு உலோகங்களையும் தூக்கிப் பிரித்துவிடும். அப்போது எண்ணெயின் பாகுத்தன்மையே போதும். சிக்கல் வருவது வேறு இடங்களில்: என்ஜினைக் கிளப்பும் நேரம், வால்வைத் திறக்கச் சுழலும் கேமின் மூக்கு, விசையை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டை அழுத்தும் இடம், பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்பும் புள்ளி. அங்கெல்லாம் எண்ணெய்ப் படலம் மெலிந்துபோகும். பளபளவென்று பாலிஷ் போட்ட உலோகமும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். அந்த மேடுகள் ஒன்றோடொன்று முட்டும்போதுதான் அடிட்டிவின் வேலை தொடங்குகிறது.

கேள்வி: ஜிங்க் (துத்தநாக) அடிட்டிவ் உராய்வைக் குறைப்பது எப்படி?

குறைப்பதில்லை! பலர் குழம்பும் இடம் இது. உராய்வு வேறு, தேய்மானம் வேறு. இசட்.டி.டி.பி என்ற ஜிங்க் சேர்மம் எண்ணெயில் கரைந்து சும்மா கிடக்கும். இரண்டு மேடுகள் உரசும்போது எழும் வெப்பமும் இழுவிசையும் அதைச் சிதைக்கும். சிதைந்தது இரும்பின்மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகத் திட்டுத்திட்டாகப் படியும். தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர். அடுத்த உரசலில் உலோகத்துக்குப் பதிலாக இந்தப் படலம் தேயும். தேய்ந்த இடத்தில் மறுபடி வளரும். எங்கே உரசுகிறதோ அங்கேதான் வளரும் என்பதுதான் இதன் அழகு. இதற்கு விலையாக உராய்வு கொஞ்சம் கூடவே செய்யலாம்.

வேடிக்கை என்னவென்றால், 1940களில் இதை எண்ணெயில் சேர்த்ததே ஆக்ஸிஜனேற்றத்தையும் பேரிங் அரிப்பையும் தடுக்கத்தான். தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கேள்வி: அப்படியென்றால் உராய்வைக் குறைப்பது எது?

இரண்டு வகை உண்டு. கொழுப்பு அமில வகை மூலக்கூறுகள் தலையை உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, வாலை எண்ணெய்க்குள் நீட்டி, பிரஷ் மயிர்போல நெருக்கமாக நிற்கும். மாலிப்டினம் சேர்மங்கள் உரசும் இடத்தில் மாலிப்டினம் டைசல்பைடாக மாறும். அது சீட்டுக்கட்டு மாதிரி, அடுக்கின்மேல் அடுக்கு எளிதில் வழுக்கும். உராய்வுக் கெழு 0.1 அளவிலிருந்து 0.05 பக்கம் இறங்கும். ஆனால் எண்ணெய் சூடேறிய பிறகுதான் நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: எங்கள் கேம்ஷாஃப்டில் மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு இருக்கிறது. பாஸ்பேட் ஏற்கனவே இருப்பதால் ஜிங்க் தேவையில்லை அல்லவா?

பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். உங்கள் பூச்சு சில மைக்ரான் தடிமன் கொண்ட படிக அடுக்கு. நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்துவைத்து, புது என்ஜின் ஓடிப் பழகும் காலத்தில் தன்னைத் தேய்த்துக்கொண்டு உலோகத்தைக் காக்கும். அது கரைவதற்குள் ஜிங்க் படலம் உருவாகிவிட வேண்டும். இரண்டும் வேண்டும்.

கேள்வி: நைட்ரைடிங் செய்த உருக்கு, டி.எல்.சி பூச்சு போட்ட பாகம், இரண்டுக்கும் ஒரே எண்ணெய் போதுமா?

உருக்கின் மேற்பரப்பில் நைட்ரஜனை ஊட்டும் நைட்ரைடிங்கில் பெரிய கவலை இல்லை. மேற்பரப்பு கடினமாகிறது, ஆனாலும் அங்கே இரும்பு இருக்கிறது, அடிட்டிவ் பற்றிக்கொள்ள இடமும் இருக்கிறது.

டி.எல்.சி எனப்படும் வைரநிகர் கார்பன் பூச்சுதான் ஆளைக் கவிழ்க்கும். மேற்பரப்பு முழுக்கக் கார்பன். வேதிவினைக்கு எளிதில் இணங்காது. இரும்புக்காகப் பிறந்த அடிட்டிவ்கள் அதன்மேல் சரியாகப் பிடிப்பதில்லை. எதிரே உரசுவது உருக்காக இருந்தால் படலம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் உருவாகும்.

சோதனையில் நானே மூக்குடைபட்டிருக்கிறேன். உராய்வை நன்றாகக் குறைக்கிறதே என்று மாலிப்டினம் கலந்த எண்ணெயைப் போட்டேன். உராய்வு இறங்கியது. கழற்றிப் பார்த்தால் பூச்சே சில இடங்களில் காணோம். ஹைட்ரஜன் கலந்த டி.எல்.சி உருக்கோடு உரசும்போது இந்தச் சேர்மம் பூச்சின் தேய்மானத்தைக் கூட்டும் என்பது இன்று நன்கு அறியப்பட்ட விஷயம். அன்று எனக்குத் தெரியாது. ஹைட்ரஜன் இல்லாத வகையிலோ கதை தலைகீழ்: சில கொழுப்பு எஸ்டர்களோடு உராய்வு வியக்கத்தக்க அளவு குறைகிறது. ஆகவே ‘நல்ல அடிட்டிவ் எது’ என்று என்னிடம் கேட்பவரிடம், எதிரெதிரே உரசும் இரண்டு பரப்புகளும் என்ன என்றுதான் முதலில் கேட்பேன்.

கேள்வி: கியர் ஆயிலில் கந்தகம் சேர்ப்பது பித்தளையைக் கெடுக்குமா?

கெடுக்கக்கூடும். கடும் அழுத்தத்தில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து இரும்பு சல்பைடு படலம் தரும். பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதை அது தடுக்கும். அதே கந்தகம் வீரியமாக இருந்தால் செம்புக் கலவைகளையும் அரிக்கும். கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையம் பித்தளையாக இருந்தால், கியர்பாக்ஸ் கையேடு சொல்லும் தரத்தைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: பாட்டிலில் விற்கும் அடிட்டிவைக் கூடுதலாக ஊற்றலாமா, அண்ணா?

வேண்டாம். எண்ணெயில் இருக்கும் டிடர்ஜென்ட் (அழுக்கு நீக்கி), டிஸ்பர்சன்ட் (அழுக்கைத் திரளாமல் மிதக்கவைப்பது), ஜிங்க் எல்லாம் ஒரே உலோகப் பரப்பில் இடம் பிடிக்கப் போட்டி போடுபவை. பார்த்துப் பார்த்து வைத்த சமநிலையில் நீங்கள் ஒன்றை அதிகமாக்கினால் இன்னொன்று வெளியே தள்ளப்படும். ஜிங்க் சேர்மத்தில் உள்ள பாஸ்பரஸ் கூடினால், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. பல பெட்ரோல் கார் எண்ணெய்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்தியிருப்பது அதனால்தான்.

கேள்வி: கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால்?

கிளட்ச் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் பைக் என்றால், உராய்வு குறைக்கும் அடிட்டிவ் கிளட்ச் பிளேட்டையும் வழுக்கவைக்கலாம். டப்பாவில் ஜாசோ எம்.ஏ (ஜப்பானியத் தரக் குறி) இருக்கிறதா பாருங்கள். எம்.பி என்றிருந்தால் அது கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு.