வாசலில் நிற்கும் இரண்டு பிள்ளைகள்: மார்மன் ஊழியர்கள் வந்தால் என்ன செய்வது? (கேள்வி பதில்)

தவக்காலம் தொடங்கினதிலிருந்து எங்கள் பங்கின் அன்பியங்களில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற குழுக்கள்) இதே பேச்சுதான். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு இளைஞர்கள், தெரிந்தவர் யாரோ நம்பர் கொடுத்தார்கள் என்று வீட்டுக்கு வருகிறார்கள். இயேசுவைப் பற்றியும், தங்கள் சபையின் வேத நூலான மார்மன் புத்தகம் பற்றியும் பேசுகிறார்கள். பெங்களூரில் இருபத்தைந்து வருஷம் மறைக்கல்வி எடுத்தவள் நான். மகள் வேலை விஷயமாக யூட்டா மாநிலத்தில், மார்மன்கள் நடுவிலேயே, இரண்டு வருஷம் இருந்தவள். அதனால் பங்குத்தந்தை கேள்விச் சீட்டுகளை எல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார். பெயர்களை விட்டுவிட்டு, ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன்.

லிங்கராஜபுரம்: டீச்சர், வந்த பிள்ளைகளுக்கு டிகிரி காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேருமே தொடவில்லை. எனக்கு மனசு சுருக்கென்றது. நம் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்களா?

இல்லைம்மா. அவர்கள் சபையில் காப்பி, டீ, மது, புகையிலை எதுவும் கூடாது. 1833லிருந்து அந்த ஒழுங்கு இருக்கிறது. உங்கள் டம்ளரைத் தள்ளி வைக்க அந்தப் பிள்ளைகளுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். அடுத்த தடவை மோரோ எலுமிச்சை ஜூஸோ கொடுத்துப் பாருங்கள், ஒரே மூச்சில் குடிப்பார்கள். வெயிலில் அலைந்து வருகிறவர்கள்.

வந்திருப்பது யார் என்று தெரிந்துகொண்டால் கோபம் பாதி இறங்கிவிடும். பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டிருக்கும், அதாவது மூப்பர். ஆனால் அவனுக்கு வயசு பதினெட்டோ பத்தொன்பதோதான். பையன்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு பதினெட்டு மாசம் ஊழியம். எந்த ஊர் என்று அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சபைதான் அனுப்பும். செலவில் பெரும்பங்கு அவர்களும் குடும்பத்தாரும் போடுவது. 2019 வரைக்கும் வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவைதான் போன் பேசலாம். இப்போது வாரம் ஒரு தடவை பேச விடுகிறார்கள். நம் வீட்டில் அந்த வயசில் ஒரு பிள்ளை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறங்கள்.

இன்னொன்று. வீட்டில் நீங்கள் தனியாக இருந்தால் ஆண் ஊழியர்கள் உள்ளே வரமாட்டார்கள். அது அவர்கள் விதி. வாசலிலேயே நின்று பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

விவேக்நகர்: ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அவர்களும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறார்கள். போன வாரம் லைட்டை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம்.

நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவர்களுக்கு அது வாருங்கள் என்று கேட்கிறது. டைரியில் உங்கள் பெயரை எழுதி, உங்களுக்காக செபம் செய்து, பஸ் பிடித்து வருகிறார்கள். வந்து பார்த்தால் வீடு இருட்டாக இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்லாமல் தப்பிப்பதை நாம் தன்மை என்று நினைக்கிறோம். அதில் அந்தப் பிள்ளைகளுக்குப் போவது ஒரு மாலை நேரம்.

இப்படிச் சொல்லுங்கள்: ‘தம்பி, நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் விசுவாசத்தில் நிறைவாக இருக்கிறோம். வேறு சபைக்கு வரமாட்டோம், அதனால் பாடம் எடுக்க வர வேண்டாம். களைப்பாக இருந்தால் வந்து தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.’ கடைசி வரியை உண்மையாகச் சொல்ல முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். புத்தகமும் அப்படித்தான். படிக்கப் போவதில்லை என்றால் வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த முறை எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று ஆசையாகக் கேட்பார்கள்.

ஆஸ்டின் டவுன்: அவர்களும் ‘இயேசு கிறிஸ்து’ என்றுதானே சொல்கிறார்கள்? பெந்தகோஸ்தே, சி.எஸ்.ஐ. மாதிரி இதுவும் ஒரு சபை என்று விட்டுவிடலாமா?

சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. 2018லிருந்து அவர்கள் தலைவர்களே ‘மார்மன்’ என்று கூப்பிட வேண்டாம், முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். நேரில் பேசும்போது அதை மதியுங்கள். இங்கே எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் பழைய பெயரையே எழுதுகிறேன்.

அவர்கள் இயேசுவை நேசிப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யூட்டாவில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்து வைத்ததும், விடிவதற்கு முன்னால் எங்கள் வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனதும் மார்மன் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆனால் ‘பிதா, சுதன், பரிசுத்த ஆவி’ என்ற அதே வார்த்தைகளால் அவர்கள் சொல்வது வேறு. அவர்கள் போதனையில் அந்த மூவரும் தனித்தனி ஆட்கள். நோக்கத்தில்தான் ஒன்று. பிதாவுக்கு சதையும் எலும்பும் உள்ள உடல் உண்டு. மனிதரும் வளர்ந்து கடவுளைப் போல ஆகலாம். நாம் ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் ‘தந்தையோடு ஒரே பொருளானவர்’ என்று சொல்கிறோமே, 325ல் நிசேயா சங்கம் வகுத்துக் கொடுத்தது, அந்த ஒரு வரியில்தான் நாமும் அவர்களும் பிரிகிறோம்.

இது சின்ன விஷயம் இல்லை. சி.எஸ்.ஐ.யில் திருமுழுக்குப் பெற்றவர் நம் திருச்சபைக்கு வந்தால் மறுபடியும் திருமுழுக்கு கொடுப்பதில்லை. மார்மன் சபையிலிருந்து வந்தால் கொடுக்க வேண்டும். அவர்கள் திருமுழுக்கு செல்லாது என்று 2001 ஜூனில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. கையெழுத்திட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னால் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனவர். அவர்களும் நம் திருமுழுக்கை ஏற்பதில்லை. உங்களில் ஒருவர் அங்கே போனால் தண்ணீரில் முழுக்கித்தான் சேர்ப்பார்கள்.

ஃபிரேசர் டவுன்: ‘அப்போஸ்தலர்கள் இறந்ததோடு திருச்சபையின் அதிகாரம் போய்விட்டது, 1830ல் ஜோசப் ஸ்மித் மூலம்தான் திரும்பி வந்தது’ என்றார் வந்தவர். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை.

அண்ணா, தூக்கம் கெட்டது நல்லதுதான். உங்களுக்கு இது முக்கியம் என்று அதிலேயே தெரிகிறது.

முதலில் அவர்கள் கதையை அவர்கள் சொல்கிறபடியே கேட்டுக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற பதினான்கு வயசுப் பையன், எந்தச் சபை சரி என்று குழம்பிப்போய், 1820ல் காட்டுக்குள் போய் செபித்தான். தரிசனம் கண்டான். பிறகு மொரோனி என்ற தூதர் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததுதான் மார்மன் புத்தகம். 1830 ஏப்ரல் 6 அன்று சபை தொடங்கியது. 1844ல் சிறையில் இருந்தபோது ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. கொள்கை எப்படியானாலும் அது கொடுமையான சாவு. அதைக் கேலியாகப் பேச வேண்டாம்.

இப்போது நம் பக்கம். ‘பாதாளத்தின் வாயில்கள் அதன்மேல் வெற்றி கொள்ளா’ என்று ஆண்டவர் பேதுருவிடம் சொன்னார். உலக முடிவுவரை எந்நாளும் உங்களோடு இருக்கிறேன் என்றார். எந்நாளும் என்றால் நடுவில் ஆயிரத்து எழுநூறு வருஷம் இடைவெளி கிடையாது. அந்தியோக்கு ஆயர் இஞ்ஞாசியார் ஏறக்குறைய 107ல் ரோமைக்கு இழுத்துச் செல்லப்பட்டு வேதசாட்சியாக இறந்தார். போகிற வழியில் எழுதிய ஏழு கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஆயர், நற்கருணை, ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்ற சொல் எல்லாம் அதில் உண்டு. எல்லாம் தொலைந்துபோனது என்று சொல்கிற காலத்தில் எழுதிய கடிதம் அது.

நமக்கு இன்னும் கிட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. தோமையார் மயிலாப்பூரில் உயிர் கொடுத்தார் என்பது நம் மரபு. 1545ல் பிரான்சிஸ் சவேரியார் அதே கல்லறையடியில் மாதக்கணக்கில் தங்கி செபித்தார். எங்கள் பாட்டி வருஷத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போய் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். இதை வாதமாக வைக்காதீர்கள், உங்கள் வீட்டுக் கதையாகச் சொல்லுங்கள். ‘தம்பி, எங்கள் பாட்டிக்கு அவங்க பாட்டி சொல்லிக் கொடுத்த விசுவாசம் இது. நடுவில் எங்கே அறுந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லையே’ என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதே வராது.

அல்சூர்: என் கணவர் அடுத்த முறை வந்தால் ‘உங்களுக்கு எத்தனை பெண்டாட்டி’ என்று கேட்கப் போவதாகச் சொல்கிறார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். 1890லேயே அந்தச் சபை பலதார மணத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. இன்றைக்குச் செய்தால் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். பதினெட்டு வயசுப் பையனிடம் கேட்கிற கேள்வியா அது?

மர்ஃபி டவுன்: ‘புத்தகத்தைப் படித்து, உண்மையா என்று கடவுளிடம் கேளுங்கள், நெஞ்சில் உணர்வீர்கள்’ என்கிறார்கள். அப்படிச் செபிக்கலாமா? அவர்களோடு சேர்ந்து செபிக்கலாமா?

உணர்வு கடவுளின் கொடைதான். ஆனால் நல்ல பாட்டைக் கேட்டாலும் நெஞ்சு உருகும், ஊரைவிட்டு வந்த தனிமையில் யாராவது அன்பாகப் பேசினாலும் உருகும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஆவிகளைத் தெளிந்து தேர்வது, அதாவது மனசில் எழுகிற தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது பற்றி அவ்வளவு எழுதியதே ஆறுதலாக இருப்பதெல்லாம் கடவுளிடமிருந்து வந்ததில்லை என்பதால்தான். ஏற்கெனவே வெளிப்படுத்தப்பட்டதை உண்மையா என்று சோதித்துப் பார்க்க நமக்கு அவசியம் இல்லை. அதைத் தன்மையாகச் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்து செபிப்பது பற்றி: உங்கள் வீட்டுக்காக அவர்கள் செபித்தால் தலை குனிந்து அமைதியாக நில்லுங்கள். பிறகு நீங்களும் பீடத்தின் முன்னால் சிலுவை அடையாளம் போட்டு, அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு ‘அருள்நிறை மரியே’ சொல்லுங்கள். எங்கள் அன்பியத்தில் ஒரு அம்மா அப்படிச் செய்தபோது, வந்தவர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். விசாகப்பட்டினத்துப் பையன், அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததாம்.

கம்மனஹள்ளி: தாத்தா பாட்டி பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டார்கள். வம்சாவளி எழுதித் தருவார்களாம். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இறந்த முன்னோருக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர் திருமுழுக்குப் பெறுவது அவர்கள் ஆலயங்களில் நடக்கிற சடங்கு. அதற்காகத்தான் வம்சாவளிப் பதிவுகள். அவர்கள் அதை அன்பின் செயலாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பங்குப் பதிவேடுகளை அவர்கள் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று 2008ல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதியது. ‘எங்கள் பெரியவர்களுக்காக நவம்பர் 2ஆம் தேதி கல்லறையில் நாங்கள் திருப்பலி வைக்கிறோம்’ என்று சொன்னால் போதும்.

பாணஸ்வாடி: எங்கள் அபார்ட்மெண்டில் சிலர் போலீசில் சொல்லலாம் என்கிறார்கள்.

மிரட்டல், தொந்தரவு எதுவும் இல்லாதபோது எதற்குப் போலீஸ்? 2022ல் கர்நாடகாவில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நம் பேராயர் பீட்டர் மச்சாடோ வெளிப்படையாக எதிர்த்தார். நோயாளியைப் பார்க்கப் போகிற நம் சிஸ்டர் மேல் இதே புகார் வந்தால் நமக்கு எப்படி இருக்கும்? வர வேண்டாம் என்றால் வரமாட்டார்கள்.

ஹொரமாவு: டீச்சர், என் மகனுக்கு பத்தொன்பது வயசு. மூன்று மாசமாக ஞாயிறு பூசைக்கு வராமல் அவர்கள் கூட்டத்துக்குப் போகிறான். அவன் அப்பா கை நீட்டிவிட்டார். இப்போது வீட்டில் பேச்சே இல்லை.

உங்கள் சீட்டைத்தான் முதலில் படித்தேன், கடைசியாக எழுதுகிறேன், யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அப்பா மன்னிப்புக் கேட்க வேண்டும். அது இல்லாமல் நான் சொல்கிற எதுவும் பலிக்காது.

அப்புறம் அவனிடம் கொள்கை பேசாமல், அங்கே என்ன பிடித்தது என்று மட்டும் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். என்ன சொல்வான் என்று என்னால் ஊகிக்க முடியும்: அங்கே போன முதல் நாளே பெயர் கேட்டார்கள், இரண்டாவது வாரம் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டார்கள். நம் கோவிலில் உறுதிபூசுதல் முடிந்ததிலிருந்து அவனிடம் யாராவது பேசினோமா? இது என் மேலும் இருக்கிற குற்றம். அவனுக்கு மறைக்கல்வி எடுத்ததே நான்தான்.

அந்த நண்பர்களை ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுங்கள். பிரியாணி போடுங்கள். அவன் முன்னால் அவர்களை மரியாதையாக நடத்துங்கள். திருமுழுக்கு வாங்கச் சொல்லி அவர்கள் சீக்கிரமே கேட்பார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம், காப்பி டீ இல்லாத வாழ்க்கை எல்லாம் அதோடு வரும். ‘உன் முடிவு உன்னுடையது, உனக்கு வயசு வந்துவிட்டது. ஆனால் தேதி கொடுக்கும் முன்னால் ஒரே ஒரு மணி நேரம் பங்குத்தந்தையோடு உட்கார்ந்து பேசு’ என்று கேளுங்கள். நானும் வருகிறேன். இந்தச் செவ்வாய் சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பேன். அவனை அனுப்புங்கள், அல்லது நீங்களே வாருங்கள்.

சிவாஜிநகர்: அவர்களை நம் கோவிலுக்குக் கூப்பிடலாமா?

தாராளமாக. 2019 மார்ச்சில் அவர்களுடைய அன்றைய சபைத் தலைவர் ரசல் நெல்சனை அன்றைய திருத்தந்தை பிரான்சிஸே வத்திக்கானில் வரவேற்றுப் பேசினார். புனித மரியன்னை பசிலிக்கா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர். நற்கருணை வாங்க வரக் கூடாது என்பதை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், வரிசையில் வைத்துச் சொல்லாதீர்கள். மாதாவுக்கு ஏன் சேலை கட்டியிருக்கிறது, ஜனங்கள் ஏன் காவி உடுத்தி வருகிறார்கள் என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தேர் நேரத்தில் கூட்டம் நெருக்கும், போன் எடுக்காது. அதனால் எங்கே சந்திப்பது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு, கையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். ரோட்டோரம் டீ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.