பாவைப்பிள்ளைப் பக்கம்: கொம்பனி முகமா, கைமுகமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் சித்தி எனக்கு ஒரு ரெசின் பாவைப்பிள்ளை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 60 சென்ரிமீற்றர் உயரம், மூட்டுக்கு மூட்டு உருண்டை வைத்தது. முகம் எழுதாமல் வெறுமையாகவும் வாங்கலாம், கொம்பனியே எழுதிய முகத்தோடும் வாங்கலாம். ரொறன்ரோவில் சித்திக்குத் தெரிந்த ஒரு பிள்ளை முகம் எழுதுகிறாராம், அவரிடமும் கொடுக்கலாம் என்கிறார். எதைக் கேட்கட்டும்?
– வாசகி, மல்லாவி

பதில்: தங்கச்சி, எது வடிவு என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்: நல்ல கைக்காரர் உங்களுக்கென்று எழுதுகிற முகம்தான் வடிவு. ஆனால் அந்த முகம் தேய்ந்தால் மல்லாவியில் யார் திருத்துவது? நான் அங்கேயிருந்துதான் தொடங்குவேன்.

முகப்பூச்சு ரெசினுக்குள், அதாவது அச்சில் ஊற்றி இறுகவைத்த அந்தக் கெட்டிப் பொருளுக்குள், ஊறுவதில்லை. வெறும் ரெசினில் நிறத்தூள் ஒழுங்காகப் பிடிக்காது. அதனால் முதலில் மினுக்கமில்லாத வார்னிஷை மெல்லிசாக விசிறிக் காயவிடுவார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் பாஸ்டல் என்கிற நிறக்கட்டியைச் சுரண்டிய தூள் ஒட்டும். கன்னம், இமை, மூக்கோரம் எல்லாம் அந்தத் தூளால் வருவது. அதன்மேல் இன்னொரு விசிறல். பிறகு நிறப் பென்சிலாலும் அக்றிலிக்காலும் புருவ மயிர், இமைக் கோடு, உதட்டு வரி. திரும்பவும் விசிறல். கடைசியாக உதட்டில் ஒரு துளி மினுக்கு, மேலிமைக்குள் ஒட்டும் மயிர். இத்தனையும் சேர்ந்தாலும் மெல்லிய தோல்தான். விக்கைக் கழற்றிக் கழற்றிப் போட்டால் நெற்றியோரம் தேயும். சட்டையைத் தலைவழியாக மாட்டினால் மூக்கு நுனி வெளுக்கும். யார் எழுதினாலும் இதுதான் கதி.

இன்னொரு விஷயம். கொம்பனி முகம் என்றதும் இயந்திரம் அடித்துத் தள்ளிய முகம் என்று பலர் நினைக்கிறார்கள். பார்பி போன்ற வினைல் பொம்மைகளுக்கு அது சரி, அவற்றின் முகம் அச்சு. இப்போது வருகிற பலவற்றின் கண்ணைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் பொடிப் புள்ளிகள் தெரியும். ரெசினுக்கோ கொம்பனியிலும் ஆட்கள் இருந்து எயர்பிரஷாலும் (காற்றால் நிறத்தை விசிறும் பேனை போன்ற கருவி) தூரிகையாலும்தான் எழுதுகிறார்கள். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகிய கை. கோடு உறுதியாக இருக்கும், விசேஷம் குறைவாக இருக்கும். விளம்பரப் படத்தில் கண்ட புருவம் உங்கள் பெட்டிக்குள் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ வரலாம். அதற்காகக் கொம்பனியோடு சண்டை பிடிக்க முடியாது.

என் முடிவைச் சொல்கிறேன். இது உங்கள் முதல் பிள்ளை என்றால் கொம்பனி முகத்தோடே எடுங்கள். உங்களுக்கு எந்த மாதிரி முகம் பிடிக்கும் என்பது ஒரு முகத்தோடு கொஞ்சக் காலம் இருந்தால்தான் தெரியும். “புருவம் இன்னும் மெல்லிசாக இருக்கலாம், உதடு இவ்வளவு சிவப்பு வேண்டாம்” என்று உங்கள் வாயால் வரத் தொடங்கும். அப்போது ரொறன்ரோப் பிள்ளையிடம் போகலாம். முழுப் பிள்ளையையும் அனுப்பத் தேவையில்லை. தலையின் பின்மூடி பெரும்பாலும் காந்தத்தில்தான் நிற்கும். அதைத் திறந்தால், தலையையும் உடம்பையும் இழுத்துப் பிடிக்கும் இழுபடு நார் மாட்டிய கொளுக்கி உள்ளே தெரியும். அதைக் கழற்றினால் தலை தனியே வந்துவிடும். கனடாவுக்குத் திரும்புகிற யாரிடமாவது ஒரு சின்னப் பெட்டியில் கொடுத்துவிடலாம். போடப்போகும் கண்ணையும் கூடவே அனுப்புங்கள். தேன் நிறக் கண்ணுக்கு எழுதிய இமை நீலக் கண்ணுக்குப் பொருந்தாமல் போகும்.

அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை: என்ன வார்னிஷ் போடுகிறார், தேய்ந்தால் திருத்தித் தருவாரா, பழைய முகத்தை அழிக்கும் வேலையும் விலைக்குள் அடக்கமா. அவர் எழுதிய முகங்களை யன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் எடுத்த படங்களாகக் கேளுங்கள். நேர்முகப் படம் மட்டும் போதாது.

வெறுமையான தலை என்றால் அரைகுறைச் சாமான் என்று எண்ண வேண்டாம். 1999இல் ஜப்பானின் வோல்க்ஸ் கொம்பனி சூப்பர் டொல்ஃபி என்ற ரெசின் பாவைப்பிள்ளையைக் கொண்டுவந்தபோதே, வாங்குகிறவர் கண், முடி, முகம் எல்லாவற்றையும் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். ஆனாலும் எழுதும் ஆள் நிச்சயமாகாமல் வெறுந்தலையை எடுக்காதீர்கள். புருவமில்லாத அந்த முகம் அலுமாரிக்குள்ளிருந்து பார்ப்பதை வீட்டில் எல்லாராலும் தாங்க முடியாது. என் அம்மா துணி போட்டு மூடிவிட்டார்.

கேள்வி: எங்கள் ஊரில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் எழுதும் கண்ணைப் பார்த்தால் உயிர் இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பிக் காசைக் கரைக்காமல் அவரிடமே என் ரெசின் பிள்ளையின் முகத்தைக் கொடுத்தால் என்ன?
– வாசகர், முள்ளியவளை

பதில்: கொடுக்கலாம். இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் ஐயாவின் கையை மட்டும் வாங்குங்கள், அவருடைய பெயின்ற் டின்னை வாங்காதீர்கள்.

வாகனத்துக்குப் போகிறது எனாமல். தடித்தது, பளபளப்பது, மழையையும் கற்பூரப் புகையையும் தாங்குவது. பாவைப்பிள்ளையின் மேலிமையில் ஒரு மடிப்பு இருக்கும், உதட்டுக்கு நடுவே நகம் பட்டால் தெரியும் அளவில் ஒரு கீறல் இருக்கும். செதுக்கியவரின் திறமை முழுக்க அந்த இரண்டிலும்தான். எனாமல் ஒருமுறை ஓடினால் இரண்டும் நிரம்பி முகம் வீங்கிவிடும். பிறகு அதை அழிக்கத் தின்னர் வேண்டும், தின்னர் பட்டால் ரெசினும் கெடும்.

அளவும் வேறு. குதிரை வாகனத்தின் கண் வீதியில் நிற்கிற கடைசி ஆளுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் கருவிழியைச் சுற்றி அந்தத் தடித்த கறுப்புக் கோடு. பாவைப்பிள்ளையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அங்கே கறுப்பு வேண்டாம், கபிலம் போதும். புருவத்தை ஒரே இழுப்பாக இழுக்காமல் மயிர் மயிராக, ஒவ்வொன்றும் வேரில் அழுத்தி நுனியில் தூக்கி எழுத வேண்டும். பெரிய வாகனத்தில் பிடரி மயிர் எழுதுகிறவருக்கு அந்தக் கையசைவு முன்பே தெரியும். தூரிகையைத்தான் சின்னதாக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தலையைக் கழுவிக் காயவைத்து, மினுக்கமில்லாத வார்னிஷ் ஒரு படை போட்டுக் கொண்டுபோங்கள். நீரில் கரையும் அக்றிலிக், நல்ல நிறப் பென்சில், பூச்சியத்துக்கும் கீழான இலக்கத் தூரிகை ஒன்றிரண்டு, இவற்றையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பிழைத்தால் அக்றிலிக் காயுமுன் ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம், கீழே இருக்கும் படை காக்கும். இதை முதலிலேயே அவரிடம் சொல்லுங்கள். எனாமலில் பழகியவர்கள் துடைக்கலாம் என்பதை நம்பமாட்டார்கள், அதனால் பயந்து பயந்து எழுதுவார்கள். பயந்த கோடு முகத்தில் நடுங்கித் தெரியும். முதலில் ஒரு பிளாஸ்ரிக் கரண்டியின் முதுகில் இரண்டு புருவம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைகாசிப் பொங்கல், திருவிழா என்று வேலை குவிந்திருக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். கூலியையும் வாகனக் கணக்கில் பேசாதீர்கள். முகம் சின்னது என்றால் வேலை குறைவு என்று அர்த்தமில்லை.

கேள்வி: தங்கையின் பழைய வினைல் பொம்மையின் முகத்தைக் கியூட்டெக்ஸ் ரிமூவரால் அழித்துவிட்டு நானே எழுதலாமா? ஒரு கண் மூக்கைப் பார்க்கிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தாராளமாக. கை பழக இதைவிட நல்ல இடம் இல்லை. அச்சு கொஞ்சம் விலகி விழுந்தால் கண் அப்படித்தான் போகும். கடையில் வாங்கும்போது நாலைந்து பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுப்பது அதனால்தான். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நிறமோ எண்ணெயோ கலக்காத அசற்றோன் நல்லது. பஞ்சை நனைத்துப் பிழிந்து, முகத்தில் மட்டும், உள்ளேயிருந்து வெளியே துடையுங்கள். உதட்டுச் சிவப்பைக் கன்னத்துக்கு இழுத்தால் அது வினைலில் ஊறிக் கறையாக நிற்கும். முடியில் படாமல் ஒரு பொலித்தீனைச் சுற்றிக் கட்டுங்கள். தலை வினைல்தானா என்று முதலில் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று உள்ளே போக வேண்டும். கல்லுப்போல இருக்கும் கெட்டிப் பிளாஸ்ரிக் முகமென்றால் அசற்றோன் அதைக் கரைத்துவிடும். 1972இல் வந்து, பிறகு 2001இல் ஜப்பானில் மறுபடி பிறந்த பிளைத் பொம்மையின் முகம் அந்த வகை. ரெசினுக்கும் அசற்றோன் வேண்டாம், ஐசோபுரோபைல் அல்ககோல் போதும்.

கார், மோட்டார்சைக்கிள் சாமான் கடையில் விற்கும் ஸ்பிரேயை வினைலில் அடிக்காதீர்கள். வினைலை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மை அதோடு சேர்ந்து, முகம் காலத்துக்கும் பிசுபிசுக்கும். நம்மூர்த் தூசியில் அந்தப் பிசுபிசுப்பு என்னவாகும் என்று ஏ9 வீதியோரம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மார்கழியில் என் ரெசின் பிள்ளைக்குக் கடைசி வார்னிஷ் விசிறினேன். முகமெல்லாம் வெள்ளைப் புகைபோலப் படிந்துவிட்டது. முகம் போய்விட்டதா?
– வாசகி, வவுனியா

பதில்: அனேகமாகப் போகவில்லை. வார்னிஷில் இருக்கும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து படைக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்தப் புகை. காய்ந்த நாள் ஒன்று வரும்வரை தொடாமல் வையுங்கள். பிறகு மெல்லிசாக ஒரு விசிறல் கொடுத்தால் பழைய படை இளகிப் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அழித்து எழுதுவதுதான்.

ஐப்பசி முதல் தை வரை நான் ஸ்பிரே டப்பாவைத் தொடுவதே இல்லை. ஈரமானியில் 60 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மற்ற மாதங்களிலும் தொடமாட்டேன். சோளகம் அடிக்கும் மாதங்களில் வேறு பிரச்சினை: வெக்கைக்கும் காற்றுக்கும் வார்னிஷ் முகத்தில் விழுமுன்பே காய்ந்து மணல்போலப் படியும், போதாததற்குச் செம்மண். என் கணக்கில் வன்னிக்கு மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, ஆகவே காலையில் அவசரப்படாமல் வெயில் நன்றாக ஏறிய பிறகு. 30 சென்ரிமீற்றர் அளவில் பிடித்து, கையை நிறுத்தாமல் விசிறுங்கள். ஒவ்வொரு படைக்கும் இடையில் அரை மணித்தியாலமாவது விடுங்கள். வெளியில் நின்றுதான் செய்ய வேண்டும். கொரோனாக் காலத்து மாஸ்க் இதற்கு உதவாது, கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் ஸ்பிரே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கேள்வி: முகத்தை மாற்றி எழுதினால் பிறகு விற்கும்போது விலை குறையுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த பிள்ளை, பெட்டியும் சான்றிதழும் கூடவே இருக்கிறது என்றால் கொம்பனி முகத்தை அழிக்காதீர்கள். சேர்ப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள். சாதாரணமாக எப்போதும் கிடைக்கிற மாதிரி என்றால் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. பெயரெடுத்த கைக்காரர் எழுதியதென்றால் விலை ஏறவும் கூடும், நீங்களும் நானும் எழுதினால் ஏறாது. முகத்தைவிட விலையைக் கெடுப்பது வெயில். ரெசின் சூரிய ஒளியில் மஞ்சளிக்கும். ஒளி தடுக்கும் வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. யன்னலோரத்தில் இருந்தால் இன்றைக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல ஸ்பிரே இங்கே கிடைப்பதில்லை. லண்டனில் இருக்கும் மாமியிடம் ஒரு டப்பாவைப் பார்சலில் போடச் சொல்லலாமா?
– வாசகி, பரந்தன்

பதில்: வேண்டாம். அழுத்தம் அடைத்த டப்பாக்களை விமானத் தபாலில் எடுக்கமாட்டார்கள். மாமி உடுப்புக்குள் சுற்றி வைத்தாலும் ஸ்கானில் தெரியும், முழுப் பார்சலும் மாட்டிக்கொள்ளும். போத்தலில் வரும் நீர்வகை மினுக்கமில்லாத வார்னிஷைக் கேளுங்கள், மூடியை நன்றாக ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். அதைத் தூரிகையால் பூசினால் கீற்றுக் கீற்றாக நிற்கும், ஒரு சின்ன எயர்பிரஷ் இருந்தால் அழகாகப் படியும். எயர்பிரஷ் கொஞ்சம் செலவுதான். ஊரில் கேக் அலங்கரிக்கிறவர்கள் யாரிடமாவது இருந்தால் இரவல் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த பிறந்தநாள் கேக்கில் வார்னிஷ் மணக்கும்.