டெங்கு: தட்டணு எண்ணிக்கை மட்டும் போதாது

கேள்வி: டெங்குவால் மருத்துவமனையில் இருக்கும் என் தம்பிக்கு ஐந்தாம் நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது, ரத்தக்கசிவும் இல்லை. ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38 ஆயிரமாகக் குறைந்துள்ளன. உடனே ஏற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று கூறி, ஒருவர் தட்டணு ஏற்பாடு செய்ய முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றுவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், 20 ஆயிரமும் அதற்குக் கீழும் இறங்கியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின.

டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி கசிவதுதான். காய்ச்சல் விடும் தறுவாயில் தொடங்கும் இக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் என்பதால், வீட்டார் நிம்மதியடையும் நேரமே மிகுந்த கண்காணிப்புத் தேவைப்படும் நேரமாகும். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பி.சி.வி. அல்லது ஹெச்.சி.டி. என்றுள்ள வரியைப் பாருங்கள்; ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பதை அது காட்டும். தொடக்கத்தில் 40 ஆக இருந்தது 48-ஐ எட்டினால் நீர்ப்பகுதி கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறது என்று பொருள். நோயாளியின் வீட்டாருக்கு இந்த ஒரு வரியை விளக்கிச் சொல்ல மருத்துவமனைகளில் எவருக்கும் நேரமில்லை. தரகர்களுக்கு மட்டும் நிறைய நேரம் இருக்கிறது.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், அமைதியின்மை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே செவிலியரை அழையுங்கள். தம்பிக்கு முன்பு டெங்கு வந்திருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். "இன்னும் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் போடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். கசிவு நின்றபின் வெளியேறிய நீர் ரத்தக்குழாய்க்குத் திரும்பும்போது மேலும் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

உடல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. அளவறிந்து பாராசிட்டமால் மட்டும் போதும். உங்கள் தம்பிக்குப் பொருந்தாது எனினும் ஒன்றை எழுதியே ஆக வேண்டும்: இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அதற்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர், இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால், நிறுத்துவதால் அதில் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரக்கூடும். நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் காய்ச்சலுக்குச் சிகிச்சையளிப்பவரும் கலந்து பேசியே முடிவு செய்ய வேண்டும்.

ரத்தக்கசிவு ஏற்பட்டுத் தட்டணு உண்மையிலேயே தேவைப்பட்டால், மருத்துவரே கோரிக்கைப் படிவம் எழுதித் தருவார். அதைக் கொண்டு ரத்த வங்கியை நேரடியாக அணுகலாம்.