1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க் காசில் பச்சைப் பிசுக்கு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

நண்பரே, ஆல்பத்தில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய்க் காசில் ஒட்டும் பச்சைப் படலம் என்கிறீர்கள். அது பெரும்பாலும் பிவிசி என்ற மென்பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்ததுதான். அந்தப் பிசுக்கு மெல்ல அமிலமாகி, காசில் கலந்திருக்கும் 8.3% செம்பை அரிக்கும். அதனால் இன்றே உறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்தால் அச்சின் இயல்பான மினுமினுப்பு போய்விடும், திரும்ப வராது. சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது கூடாது. கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் நனைத்த பஞ்சுக்குச்சியை அழுத்தாமல் உருட்டுங்கள். பிறகு புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் உலரவிடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது, சட்டெனத் தீப்பிடிக்கும்.

அப்புறமும் பச்சை கெட்டியாக நின்றால் அது செம்பின் அரிப்பு. சுரண்டாமல் விட்டுவிடுங்கள். விளிம்போரக் கருமை வெள்ளிக்கு இயல்பு. சேகரிப்பவர்கள் பலர் அதை விரும்பியே வாங்குவார்கள்.

இனி காசை மைலார் (பிவிசி இல்லாத பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறையிலோ 31 மி.மீ. கேப்ஸ்யூலிலோ (காசுக்கான வட்டப் பிளாஸ்டிக் டப்பி) வையுங்கள், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். ரப்பர் பேண்ட் பக்கத்திலேயே வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். காசு அசல்தானா என்று அறிய எடையும் பாருங்கள்: 11.66 கிராம், தேய்மானத்தில் சற்றுக் குறையலாம்.